பெட்டி கோவிலுக்குள் வருமா?

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் செத்த வீட்டில் பேசப்படுகிற கத்தோலிக்கம் பெரும்பாலும் காலாவதியான கத்தோலிக்கம். இட்டுக்கட்டியது என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்ததுதான். அந்தச் சட்டம் 1983இல் போய்விட்டது. அது போன செய்தி மட்டும் எங்கள் ஊர்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. என் அத்தான், அக்காவின் கணவர், இறந்தபோது வளவு வாசலில் நின்று எங்களுக்குப் புத்தி சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. சிறு வயதில் கேட்டதை அப்படியே பத்திரமாக வைத்திருந்தவர்கள். நான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள். எது சட்டம், எது போதனை, எது ஊர்ப்பேச்சு என்று பிரித்துச் சொல்கிற வேலை அந்த நாட்களில் என் தலையில் விழுந்தது. இன்னொரு வீட்டில் இன்னொருத்திக்கும் அது விழும் என்பதால் எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்து வந்து சேருகிறவர்தான் ஆண். அக்காவின் வீடும் என் வீடும் ஒரே வளவில் இருக்கின்றன. அண்ணன் இல்லாத எங்களுக்கு அந்தக் குறையைத் தீர்த்தவர் அத்தான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்தார். எப்படி இறந்தார் என்பதை எழுதப் போவதில்லை. அதைக் கேட்கிறவர்களுக்கு அன்றும் நான் பதில் சொல்லவில்லை. ஏன் இறந்தார் என்பதற்கும் ஒற்றை வரியில் பதில் இல்லை. கடன் இருந்தது. மாதக்கணக்கில் நித்திரை இல்லை. சுனாமி கொண்டுபோன தம்பியைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. குடி கொஞ்சம் கூடியிருந்தது. கடைசிக் காலத்தில் பூசைக்கு வந்தும் நற்கருணை வாங்காமல் பின் வரிசையிலேயே இருந்துவிட்டுப் போவார். ஊர் இவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது. கடன் நிறுவனத்து ஆட்கள்தான் காரணம் என்றார் ஒருவர். அவர் போன பிறகு இன்னொருவர் அக்காவின் வாய்தான் காரணம் என்றார். செத்த வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தத் துப்பறியும் வேலையைக் கைவிட்டாலே அந்தக் குடும்பத்துக்குப் பாதி உபகாரம்.

பிரேதம் வைத்தியசாலையில் இருந்தது. பொலிஸ், திடீர் மரண விசாரணை அதிகாரி, பிரேத பரிசோதனை என்று ஒரு பகல் முழுதும் போனது. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: மனைவியைத் தனியே வாக்குமூலம் கொடுக்க அனுப்பாதீர்கள். நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அடையாள அட்டைகளை அவரே வைத்துக்கொள்ளட்டும். நாங்கள் அப்படி அலைந்துகொண்டிருந்தபோது வீட்டில் அம்மா எவரிடமும் எதையும் கேட்காமல் இருந்தார். நான் வந்ததும் என் கையைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“பெட்டி கோவிலுக்குள் வருமா, மகள்?”

அம்மாவின் சிறுவயதில் அவருடைய ஊரில் ஒரு பெண் அப்படி இறந்திருக்கிறாள். மணி அடிக்கவில்லை. சுவாமி (குருவானவர்) வரவில்லை. பெட்டியைக் கோவிலுக்குள் எடுக்காமல் வாசலைத் தாண்டிக் கொண்டுபோய், சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) மதிலுக்கு வெளியே மந்திரிக்கப்படாத நிலத்தில் புதைத்தார்கள். அந்தப் பெண்ணின் தாய் மதிலுக்கு உள்ளே நின்று அழுததை அம்மா பார்த்திருக்கிறார். எழுபது வருடமாக அவர் மனதில் இருந்த மறைக்கல்வி அதுதான்.

அம்மா கண்டது உண்மை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1240ஆம் சட்டம், தெளிந்த மனதோடு வேண்டுமென்றே தன்னைக் கொன்றவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அந்த வழக்கத்தின் வேர் இன்னும் பழையது. ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரில் கூடிய சங்கமே அப்படிப்பட்டவர்களுக்குச் செபமும் பாடலும் இல்லை என்று விதித்தது. ஆனால் 1917இன் சட்டத்தில்கூட “தெளிந்த மனதோடு” என்ற நிபந்தனை இருந்தது. அதை ஊர்கள் மறந்துவிட்டு மதிலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டன என்பது என் எண்ணம்.

இன்று நடைமுறையில் இருப்பது 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு. யாருக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்படலாம் என்பதை அதன் 1184ஆம் சட்டம் சொல்கிறது: விசுவாசத்தைப் பகிரங்கமாக மறுதலித்தவர்கள், திருச்சபையின் போதனையை மறுக்கும் பேதகர், திருச்சபையிலிருந்து பிரிந்துபோன பிரிவினைக்காரர், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காகத் தங்கள் உடலை எரிக்கச் சொன்னவர்கள், சடங்கு நடத்தினால் விசுவாசிகளுக்குத் துர்மாதிரிகையாக அமையும்படி பகிரங்கப் பாவிகளாக வாழ்ந்தவர்கள். இவர்களும் சாவதற்கு முன் மனவருத்தத்தின் அடையாளம் ஏதாவது காட்டியிருந்தால் தடை இல்லை. தற்கொலை செய்தவர் என்ற வரி அந்தப் பட்டியலில் இல்லை. சந்தேகம் வந்தால் ஆயரிடம் கேட்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பக்கத்து வீட்டாரிடம் கேட்கச் சொல்லவில்லை.

உறவினர் ஒருவர், மாரடைப்பு என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுவோம், பிரச்சினை வராது என்றார். நல்ல மனிதர், பயத்தில் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பொய் சொல்லி வாங்குகிற பூசையில் அக்காவால் நிம்மதியாக முழந்தாளிட முடியாது. பிள்ளைகள் ஆயுள் முழுதும் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டும். தொலைபேசியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஃபாதர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “பெட்டி கோவிலுக்குள் வரும். பூசை நான் வைப்பேன். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்” என்றார். பிரேதம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அதிகம் பேசவில்லை.

அன்றிரவு வேறு விதமாகப் பேசியவர்களும் உண்டு. செபக் குழுவைச் சேர்ந்த ஒருவர், இவருக்குச் செபமாலை சொல்லிப் பயன் இல்லை, இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன்னையே மாய்த்துக்கொண்ட யூதாசுக்கு யார் செபமாலை சொன்னார்கள் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு ஒன்றை மட்டும் சொன்னேன்: திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் இன்றுவரை அறிவித்ததில்லை. திருச்சபை செய்யத் துணியாததை நாங்கள் இந்தத் திண்ணையில் இருந்து செய்வானேன்? பிறகு செபமாலையை நானே தொடங்கினேன். அவரும் பதில் சொன்னார்.

எல்லாம் மன்னிப்பு, எல்லாம் சரி என்பது திருச்சபையின் போதனை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2280 முதல் 2283 வரை நான்கு எண்கள் இதைப் பற்றியவை. முதல் இரண்டும் கடுமையானவை. உயிர் கடவுள் தந்தது, நாம் அதன் பராமரிப்பாளர்கள், உரிமையாளர்கள் அல்ல. தன்னைக் கொல்வது தன்மேல் உள்ள அன்புக்கும் பிறர்மேல் உள்ள அன்புக்கும் கடவுள்மேல் உள்ள அன்புக்கும் எதிரானது. புனித அகுஸ்தீனும் புனித தோமா அக்குவினாவும் சொல்லி வந்ததன் தொடர்ச்சி இது. செயல் பாரதூரமானது என்பதில் எந்தத் தளர்வும் இல்லை. மூன்றாவது எண்ணில், கடுமையான உளக் குழப்பமோ, வேதனையோ, துன்பத்தைப் பற்றிய பெரும் பயமோ அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. நான்காவதில், அவர்களுடைய நித்திய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது, தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் மனந்திரும்பும் வாய்ப்பை அவர்களுக்கு அளிக்க முடியும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்கிறது.

அம்மாவுக்கு இதை எண் சொல்லி விளக்கினால் ஏறாது. அவர் போடியார் வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவர். போடியார் என்றால் வயலின் சொந்தக்காரர், முல்லைக்காரன் அவருக்காக அதைச் செய்கிறவன். “முல்லைக்காரனுக்கு வயல் சொந்தமா?” என்று கேட்டேன். இல்லை என்றார். “அவன் வேளாண்மைக்கு நெருப்பு வைத்தால் குற்றமா?” குற்றம் என்றார். “வெள்ளம் வந்து வேளாண்மையையும் அவனையும் சேர்த்துக் கொண்டுபோனால் போடியார் யாரிடம் கணக்குக் கேட்பார்?” அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “நெருப்பா வெள்ளமா என்று நமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நமக்குத் தெரியாது, அதனால்தான் தீர்ப்பு நம் கையில் இல்லை என்றேன். இந்த விடயத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே கூர்மையானது அம்மாவினுடையதுதான்.

ஒரு பாவம் சாவான பாவமாவதற்கு, அதாவது பாவங்களில் மிகக் கனமானதாவதற்கு, கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்று புதுநன்மை (முதல் நற்கருணை) எடுக்கும்போதே நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். தற்கொலை என்றதும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் எழுதிய ‘வாழ்வின் நற்செய்தி’ சுற்றுமடலில், உளவியல், பண்பாடு, சமூகச் சூழல் ஆகியவை ஒருவரை உயிராசைக்கே எதிரான செயலுக்குத் தள்ளக்கூடும், அப்போது அவருடைய தனிப்பட்ட பொறுப்பு குறையவோ இல்லாமல் போகவோ கூடும் என்றே சொல்கிறார்.

முழுச் சம்மதம் என்பதைப் பற்றி வயல் நாட்டுக்காரியாக எனக்கு இன்னொரு எண்ணமும் உண்டு. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இப்படி இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அதன் பிறகு நஞ்சு மிகுந்த வயல் மருந்துகளை, அதாவது பூச்சிக்கொல்லிகளை, அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கடன் அந்த அளவுக்கு இறங்கவில்லை, குடி இறங்கவில்லை, போர் 2009 வரை நடந்தது. கொல்லக்கூடிய பொருள் கைக்கு எட்டாமல் போனதும் பல்லாயிரம் பேர் அந்த ஒரு இரவைத் தாண்டி விடிந்திருக்கிறார்கள். ஆற அமர எடுத்த முடிவு என்றால் இப்படி நடந்திருக்குமா? இறையியலாளர்கள் குறைந்த பொறுப்பு என்று எழுதுவதை நம் நாட்டின் மரணக் கணக்கு வேறு வழியால் சொல்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். எங்கள் வளவில் இப்போது வயல் மருந்து வீட்டில் இல்லை. பூட்டிய பெட்டியில், வேறு இடத்தில், சாவி என் கணவரிடம். மாத்திரைகளும் அப்படித்தான். வயல் செய்கிற எந்த வீட்டுக்கும் இதைச் சொல்வேன், பிரச்சினை எதுவும் இல்லாத வீட்டுக்கும்.

அடக்கப் பூசையில் ஃபாதர் அத்தானைப் புகழவும் இல்லை, தீர்ப்பிடவும் இல்லை. சாவோ வாழ்வோ கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க முடியாது என்ற உரோமையர் எட்டாம் அதிகாரத்தை வாசித்தார். ஆண்டவர் இவரை அழைத்துக்கொண்டார் என்று சொல்லவே இல்லை. பிறகு அதைப் பற்றிக் கேட்டேன். “பிள்ளைகள் முன் வரிசையில் இருக்கிறார்கள். ஆண்டவர் எடுத்தார் என்றால் அவர்கள் யாரை வெறுப்பார்கள்?” என்றார். மரண அறிவித்தல் எழுதுகிறவர்களும் இதை யோசிக்கலாம்.

அக்காவின் மகனுக்கு அப்போது பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சொந்தங்கள் போன பிறகு, எங்கள் குசினி வாசலில் வந்து நின்றான்.

“சின்னம்மா, அப்பா ஆண்டவரிடம் இருப்பார் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் நான் போனாலும் என்னையும் ஏற்றுக்கொள்வார்தானே?”

இரக்கத்தைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். பயமுறுத்தி வளர்த்த அந்தக் காலத்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுடைய பயத்திலும் ஒரு காவல் இருந்தது. ஆனால் அந்தக் காவலுக்குத் துக்கப்பட்ட குடும்பங்கள் கொடுத்த விலை அதிகம். இரண்டையும் இழக்காத வழி வேண்டும்.

நான் இறையியலைத் தொடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று நேராகக் கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்றுதான் மனநல வைத்தியர்கள் சொல்கிறார்கள். அவன் சுற்றி வளைக்கவில்லை. சில இரவுகளில் என்றான். ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாயா என்றும் கேட்டேன். இல்லை என்றான். அன்றிரவு அவனைத் தனியே விடவில்லை. இதை ஒருவரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினான். அந்த வாக்குறுதியை மட்டும் தர மாட்டேன், உன் அம்மாவிடம் சொல்வேன், நீயும் கூட இருக்கும்போது சொல்வேன் என்றேன். விடிந்ததும் மூவருமாகப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

பிறகு ஒரு நாள் அவனே கேள்வியைத் திரும்ப எடுத்தான். அப்போதுதான் சொன்னேன்: “அப்பாவுக்காக நாங்கள் இரக்கத்தைக் கேட்கிறோம், வேறு எதையும் அவருக்குச் செய்ய எங்களால் முடியாமல் போனதால். உனக்குச் செய்ய முடியும். உன் விடயத்தில் ஆண்டவருடைய இரக்கம் சாவுக்குப் பிறகு வர வேண்டியது இல்லை, வியாழக்கிழமை கிளினிக்கிலேயே வருகிறது.” சிரித்தான். கடவுளின் இரக்கத்தை முன்கூட்டியே கணக்கில் எழுதிக்கொள்வதையும் மறைக்கல்வி நூல் பாவமாகச் சொல்கிறது, அவநம்பிக்கைக்குப் பக்கத்திலேயே வைத்து. அதை அவனிடம் நான் சொல்லவில்லை. உண்மையாக இருந்தாலும் அந்த வயதில், அந்த நிலையில் அது அவனுக்கு உதவாது.

எலியாவின் கதையைச் சொன்னேன். அரசர்கள் முதலாம் புத்தகம், பத்தொன்பதாம் அதிகாரம். பெரிய இறைவாக்கினர், ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். வந்த வானதூதர் பிரசங்கம் வைக்கவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதர் இரண்டாம் முறையும் வந்தார். அந்த இரண்டாம் முறைதான் எனக்குப் பிடித்த இடம். செத்த வீட்டுக்கு முதல் வாரம் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். மூன்றாம் மாதம் கொண்டுவந்தவர் எங்களுக்கு ஒருவரே. அவர் எங்கள் சமயத்தவரும் அல்ல, ஏறாவூரில் இருந்து வந்த அத்தானின் கூட்டாளி.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் போதும், வைத்தியர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும், வைத்தியர் போதும் என்கிறவர்களுக்கும் என் பதில் ஒன்றே: இரண்டுக்கும் போங்கள். எங்கள் ஃபாதரே அதைத்தான் சொன்னார். இரவில் ஆள் இல்லாத நேரத்தில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய மனநல உதவிச் சேவை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். 1333 என்பது இன்னொரு இலவச ஆலோசனை இலக்கம். உயிர் தப்பியவரைப் பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலேயே குற்றம் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. தயங்காமல் கொண்டுபோங்கள்.

மரித்த விசுவாசிகளின் நாளான நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைப் பூசையில் அத்தானின் பெயரும் மற்றப் பெயர்களோடு வாசிக்கப்பட்டது. அம்மா அந்தப் பெயர் வரும்வரை தலை நிமிரவில்லை.

இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2280 முதல் 2283 வரை நான்கு எண்களையும் ஒரே நாளில் படிப்பிக்கிறேன். பாதியை இந்த வாரம், மீதியை அடுத்த வாரம் என்று விடுவதில்லை. முதல் பாதியோடு போகிற பிள்ளை மதிலைக் கட்டும், பின் பாதியோடு மட்டும் போகிற பிள்ளை குசினி வாசலில் அக்காவின் மகன் கேட்டதைத் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும். வகுப்பின் முடிவில் 1926ஐக் கரும்பலகையில் எழுதி, கொப்பியில் எழுதவும் சொல்கிறேன். ஒரு தகப்பன் வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஆட்சேபித்தார். ஃபாதரிடமும் போய் முறையிட்டார். ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த முறை பெற்றோரையும் அழைத்து வைத்தே படிப்பியுங்கள் என்றார். அப்படியே வைத்திருக்கிறேன். அக்காவையும் வகுப்புக்கு வருகிறாயா என்று கேட்டேன், தன்னால் இன்னும் முடியாது என்றாள். அவளுக்கு அத்தான்மேல் கோபம் தீரவில்லை, ஆண்டவர்மேலும்தான். ஃபாதர் அவளுக்குக் கொடுத்த வாசகம் திருப்பாடல் 88. முழுப் பாடலும் முறைப்பாடு. கடைசி வரியும் இருளில்தான் முடிகிறது. அதுவும் பைபிளில் இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றேன். அதைத்தான் அவள் இப்போது வாசிக்கிறாள்.